லயத்து வாசல் நாய்

வளர்ப்புப் பிராணியொன்று வீட்டிலிருந்தால் மனிதனின் உடல்நலம் பெருகும் என்று இன்றைய வைத்திய உலகம் பேசுகிறது. இரத்த அழுத்தம் தணியும், மனச்சோர்வு அகலும், ஆயுள் நீளும் என்று நம்பிக்கை ஊட்டுகிறது. இந்தச் செய்தியை லிந்துலைப் பகுதியின் லயமொன்றிலே போய்ச் சொல்லிப் பார்த்தால் என்ன பதில் கிடைக்கும்? இஸ்தோப்பிலே சுருண்டு கிடக்கும் நாயை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். "அது பாட்டுக்குக் கிடக்குது" என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். நாயை மருந்தாக எண்ணும் பழக்கம் அங்கே இல்லை. நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் 'பயன்' என்ற அளவுகோலால் மட்டும் அளக்கலாமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

மலைநாட்டில் உடல்நலத்திற்கும் நாய்க்கும் உள்ள தொடர்பு புதியதன்று. நுவரெலியா, 1820களில் ஆங்கிலேய அதிகாரிகளும் போர்வீரர்களும் நோய் நீங்கித் தேறுவதற்கான குளிர் வாசஸ்தலமாகவே உருவாக்கப்பட்டது. காய்ச்சலில் மெலிந்து அங்கே வந்து தேறிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரன், அந்தக் காற்றின் சுகத்தில் மயங்கி, 1848இல் குடியேற்றக்காரர்களையும் மாடுகளையும் வேட்டை நாய்க் கூட்டமொன்றையும் கொண்டு வந்து இறங்கினான். பல ஆண்டுகள் மலைகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் நாய்களை ஏவி மரைகளை விரட்டினான். அந்த வீரத்தை நூல்களாகவும் எழுதினான். அவனுடைய நலத்திற்கு நாய் உதவியது உண்மைதான். விலையை மரைகள் கொடுத்தன. வேட்டையிலே குத்துண்டு மாண்ட நாய்களும் கொடுத்தன.

பின்னர் அதே மலைகளில் காடு அழிந்து தேயிலை எழுந்தது. தேயிலையை நட்டவனுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா கிடைத்தது. துரையின் பங்களாவிலே சங்கிலியில் கட்டிய உயர்சாதி நாய். லயத்து வாசலிலே பெயர் மட்டும் உள்ள, சாதி எதுவென்று தெரியாத நாய். இரண்டும் நாய்தான் என்பதை நாய்கள் அறிந்திருந்தன.

வைத்தியர்கள் சொல்வதைச் சற்று கவனிப்போம். 1980இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இதயநோயால் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டுத் திரும்பிய 92 பேரை ஓராண்டு கண்காணித்தது. பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தனர். வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்தனர். எண்ணிக்கை சிறியது என்றாலும் உலகமே நிமிர்ந்து பார்த்தது. 2017இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 34 இலட்சம் பேரின் பன்னிரண்டாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தனித்து வாழ்பவர்களிடையே, நாய் வளர்ப்போரின் மரண வாய்ப்பு வளர்க்காதோரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. நாய் வளர்த்ததால் நலமாயிருந்தார்களா, நலமாயிருந்ததால் நாய் வளர்த்தார்களா? நடக்க முடிந்தவன்தான் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பான். இந்த ஐயத்தை ஆய்வாளர்களே மறைக்கவில்லை.

சுவீடன் ஆய்வு எப்படிச் சாத்தியமாயிற்று? அந்நாட்டில் ஒவ்வொரு நாயும் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். மனிதரின் பதிவேட்டையும் நாயின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இதை வாசிக்கும் மலையகத்தான் சிரிப்பதா, அழுவதா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்து மனிதர்களை எந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லாதவர்களாக ஆக்கிற்று. 2003இல் வந்த சட்டம் வரை அந்தத் துயரத்தின் மிச்சம் நீடித்தது. அங்கே நாய்க்கும் ஏடு உண்டு; இங்கே நாயை வளர்த்தவனுக்கே ஏடு இல்லாத காலம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்றும் பங்கு பிரித்தது. மனிதரைத் தலை எண்ணிப் பிரித்த இரு பிரதமர்களுக்கும் லயத்து வாசலில் வேறு ஜீவன்களும் வாழ்ந்தன என்ற நினைவு வந்திருக்க நியாயமில்லை. மலைநாட்டில் ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்திற்குக் கப்பலேறியவன் பானையையும் துணி மூட்டையையும் கொண்டு போகலாம். மாட்டை வந்த விலைக்கு விற்கலாம். நாயை வாங்குவார் யார்? பக்கத்துக் காம்பராக்காரனிடம் "பாத்துக்க, அண்ணே" என்று விட்டுச் செல்வதைத் தவிர வழியில்லை. பிராணியின் பிரிவு மனிதனின் மனநலத்தைக் கெடுக்கும் என்று இன்றைய நூல்கள் விரிவாக எழுதுகின்றன. அந்த இலட்சக்கணக்கானவர்களின் துயரக் கணக்கில் இந்த வரியை யாரும் சேர்த்ததில்லை.

இனி அறக் கேள்விக்கு வருவோம். சுவர்க்கத்தின் வாசலிலே தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு உள்ளே போக மறுத்தான் என்பது பாரதக் கதை. அவன் அந்த நாயால் தன் இரத்த அழுத்தம் குறைந்ததா என்று கேட்கவில்லை. 'என்னை நம்பி வந்தது' என்பது ஒன்றே அவனுக்குக் காரணம். உயர்ந்த எண்ணந்தான். ஆனால் அரச போகத்தைத் துறந்து நடந்தவனின் அறத்தை, அரை வயிற்றோடு மலை ஏறுபவனிடம் அப்படியே எதிர்பார்ப்பது நியாயமாகாது. தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தின் கதை எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுகிறது. கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வீழ்த்த மாவீரர்களுக்கு ஒரு சின்னஞ்சிறு பெண் நாயின் உதவி வேண்டியிருந்தது. அங்கே நாய் கருவியுமன்று, மருந்துமன்று, கூட்டாளி. உழைப்பவனின் உறவு இப்படிப்பட்டது. நாய் காவல் காக்கிறது, அவன் தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறான். பயன் இருக்கிறது, ஆனால் அது இரு பக்கமும் ஓடுகிறது. மனிதனும் நாயும் ஒருவரையொருவர் நோக்கும்போது அன்பைத் தூண்டும் சுரப்பு ஒன்று இருவர் உடலிலும் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் எழுதியது இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது.

இவ்வாறு சொல்வதால் லயத்து நாயின் வாழ்வைப் பூசி மெழுகிவிடக் கூடாது. பெண் குட்டிகளைக் கோணிப்பையில் போட்டுக் கடைத்தெருவிலே விட்டுவிட்டு வருபவர்கள் நம்மவரே. அக்கொடுமைக்கு வறுமை ஒரு விளக்கம், மன்னிப்பு அன்று. குட்டிகள் பெருகித் தெருவில் திரிவதன் மறுபுறத்தில் விசர்நாய்க்கடி நோய் காத்திருக்கிறது. உலகில் அந்நோயால் இறக்கும் மனிதரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டோருக்கு அது நாயினாலேயே வருகிறது. அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் மாண்டார்கள். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட்ட பின்பே தொகை சில பத்துகளாக இறங்கிற்று. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறும் என்பது வைத்தியர் கணக்கு.

கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எளிய அறிவுரைதான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத லயத்தில் பதினைந்து நிமிட நீர் எங்கே? ஒரு முறை போனால் போதாது. ஊசிக்காகப் பல நாள் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர் இழப்பு. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதை இழக்க அஞ்சும் தாயிடம், சிறு கீறல்தானே என்று பிள்ளையே மறைத்துவிடுகிறது. நாயை வளர்ப்பதன் நன்மையைப் பேசுகிறவர்கள் இந்த மறைப்பையும் பேசியாக வேண்டும்.

காட்டோரத் தோட்டங்களில் இன்னொரு சங்கிலியும் உண்டு. சிறுத்தை இரவில் இறங்கி லயத்து நாயைத் தூக்கிச் செல்லும். நாய் போனதற்கு அழுகிறவன், சிறுத்தையின் மேல் ஆத்திரம் கொள்வது இயல்பு. மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பன்றிக்கென்று வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தையே அகப்பட்டுக்கொள்கிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் அவ்வாறு சிக்கிய அரிய கருஞ்சிறுத்தையொன்று, மீட்கப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. நாயை இரவில் உள்ளே அடைக்க இடம் இருந்தால் சிறுத்தைக்கும் லயத்துக்கும் இவ்வளவு பகை வளராது. மீண்டும் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடியிலேயே வந்து முட்டுகிறோம்.

தனித்து வாழ்வோருக்கே நாயால் நன்மை அதிகம் என்றது சுவீடன் ஆய்வு. ஒரு காலத்தில் ஒரு காம்பராவில் எட்டுப் பேர் நெருக்கியடித்த லயங்களில் இன்று தனிமை புகுந்திருக்கிறது. மகன் கொழும்பிலே கடையில். மகள் வளைகுடா நாட்டில் வீட்டு வேலையில். பேர் வெட்டப்பட்டு ஓய்ந்துவிட்ட கிழவி அடுப்படியில் நாயோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சு அவள் இதயத்திற்கு நல்லது என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் பிள்ளைகளைச் சிதறடித்த கூலி முறையை அப்படியே விட்டுவிட்டு, அதன் புண்ணுக்கு நாயை மருந்தாகக் கட்டச் சொல்லும் சமுதாயத்தின் புத்திமதியை நாம் ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். கிழவிக்கு நாயும் வேண்டும், மகளும் வேண்டும்.

இடையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோட்டத்திற்கு நாய்த் தடுப்பூசிக்காரர்கள் வருவது பெரும்பாலும் வேலை நாளில். அந்நேரம் மனிதரெல்லாம் மலையில். லயத்தில் நாய்கள் மாத்திரம். அன்னியன் கையில் நாய் பிடிபடாது. வளர்த்தவள் மடியில் வைத்துப் பிடித்தால் அசையாது. ஊசி போடும் நாளை ஞாயிற்றுக்கிழமையாக வைக்கும்படி தோட்ட நிர்வாகத்தையும் சுகாதாரப் பகுதியினரையும் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். குட்டிகள் பெருகாதபடி செய்யும் சத்திரசிகிச்சையையும் அதே நாளில், கட்டணமின்றி, லயத்தருகிலேயே செய்யும்படி கேட்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைத்தால் துரைமார் சிரிக்கக்கூடும். பிள்ளைக் காம்பராவைக் கேட்டபோதும் அவர்கள் சிரித்துத்தான் இருப்பார்கள்.