அமானத்தாக வந்த உறுப்பும் ரமளான் நோன்பும்



ரமளான் நெருங்கினால் நம்மிடம் ஒரு மஸ்அலா வந்துவிடுகிறது. "ஹழ்ரத்! சிறுநீரகம் மாற்றி ஒரு வருடமாகிறது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நோன்பு பிடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கேட்காமலே பிடிப்பவர்களைப் பற்றித்தான் கவலை.

ஸஹாபாக்கள் காலத்தில் ஒரு பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயமாயிற்று. அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்து கொள்ளலாமா என்று கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, கூடாது என்றார்கள் உடனிருந்தவர்கள். அவர் குளித்தார், மௌத்தாகி விட்டார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் கடுங்கோபம் கொண்டு, அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் இச்சம்பவம் நம் வீடுகளுக்கும் பாடமல்லவா?

மாற்றிய உறுப்பை உடம்பு அந்நியனாகவே பார்க்கிறது. எதிர்த்து அழிக்க முயல்கிறது. அந்த எதிர்ப்பை அடக்கவே டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைத் தருகிறார்கள். பெரும்பாலோர் அதை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். நம் நாட்டில் ஸஹர் முடிந்து இஃப்தார் வரை 12 மணி நேரத்துக்கு மேலாகிறது. தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் வாடும். முதல் ஆண்டில் மருத்துவர்கள் பொதுவாக நோன்பைத் தடுக்கிறார்கள். பிறகு, உறுப்பு நிலையாக இயங்கும் சிலருக்கு மட்டும் இரத்தப் பரிசோதனையுடன் அனுமதிப்பதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். மாமியாரோ மஹல்லாவாசிகளோ அல்லர்.

உணவு விஷயத்திலும் பேணுதல் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் சிறு கிருமியும் பெரு நோயாகும். இறைச்சியும் முட்டையும் நன்றாக வெந்திருக்க வேண்டும்; பால் காய்ச்சியதாக இருக்க வேண்டும். கடைத்தெருவில் நறுக்கி வைத்த பழமும், ஐஸ் போட்ட சர்பத்தும் ஆகா. நோன்புக் கஞ்சியைச் சூடாகக் கொடுங்கள்; பல மணி நேரம் வெளியே கிடந்ததைக் கொடுக்காதீர்கள். பம்பளிமாஸ் பழம் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதை விலக்க வேண்டும். பிரட்னிசோலோன் மாத்திரை சர்க்கரையைக் கூட்டும். எனவே பேரீச்சம்பழத்திலும் இனிப்பிலும் அளவு வேண்டும். கருஞ்சீரகம் சிறப்பானதுதான். ஆயினும் அதையோ வேறு நாட்டு மருந்தையோ மருத்துவரைக் கேளாமல் சேர்க்கக் கூடாது.

"நோன்பை விட்டால் பாவமில்லையா?" என்று கலங்க வேண்டாம். நோயாளிக்கும் பிரயாணிக்கும் சலுகை அளித்தவன் அல்லாஹுத்தஆலாவே. அல்பகரா அத்தியாயத்தில் அது தெளிவாக இருக்கிறது. குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் கழாச் செய்வார். இனி நோன்பு பிடிக்கவே முடியாது என்று நம்பிக்கையான மருத்துவர் சொன்னால், ஒரு நோன்புக்கு ஓர் ஏழை வீதம் ஃபித்யாக் கொடுப்பார். அதன் அளவில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வித்தியாசமுண்டு. ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்க.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உறுப்பு மாற்றத்தை நிபந்தனைகளுடன் ஆகுமாக்கியது. விலை பேசுவதைத் தடுத்தது. ஆகவே அது வாங்கிய பொருளன்று. ஒரு தாயோ, சகோதரியோ, முகமறியாத ஒருவரோ தம் உடலிலிருந்து தந்த அமானத். பிறர் என்ன சொல்வார்களோ என்று வெட்கப்பட்டு அதைப் பாழாக்குவது தக்வாவா?

வீட்டாரே! நோன்பில்லாத நோயாளியைக் குத்திப் பேசாதீர்கள். பகலில் அவருக்குரிய உணவையும் தண்ணீரையும் மருந்தையும் நீங்களே நேரத்தில் கொண்டு போய்க் கொடுங்கள். அந்த ஊழியத்தின் நன்மையும் ரமளானின் நன்மைதான்.

வல்ல அல்லாஹ் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், உறுப்புத் தந்தவர்களுக்கு நற்கூலியையும், நமக்குக் கேட்டறிந்து நடக்கும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.