ஒரு குடம் எண்ணெயும் வீட்டுக் கடனும்



பழைய ஏற்பாட்டில், அரசர்களின் இரண்டாம் ஆகமத்தில், நான்காம் அதிகாரத்திலே ஒரு விதவைத் தாயைக் காண்கிறோம். அவளுடைய பெயரைக்கூட வேதாகமம் எழுதி வைக்கவில்லை. அவளுடைய கணவன் இறைவாக்கினர் குழாத்தைச் சேர்ந்தவன். கடவுளுக்கு அஞ்சி நடந்தவன். ஆயினும் கடனோடு இறந்து போனான். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். கொடுக்கப் பணம் இல்லையென்றால் அவளுடைய இரண்டு மைந்தரையும் அடிமைகளாகக் கொண்டுபோவதற்கு அவன் ஆயத்தமாய் இருக்கிறான். அந்தத் தாய் எலிசேயுவிடம் ஓடி வந்து கதறுகிறாள்.

எலிசேயு என்ன செய்தார்? வானத்திலிருந்து பொன்னை வருவிக்கவில்லை. கடன்காரனைச் சபிக்கவுமில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்டார். ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாள். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரந்து வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ள எண்ணெயை ஊற்றும்படி சொன்னார். பாத்திரங்கள் நிறைந்தன. எண்ணெயை விற்று முதலில் கடனை அடைக்கவும், எஞ்சியதைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் சீவிக்கவும் சொல்லி அனுப்பினார்.

பிரியமானவர்களே, நம்மில் எத்தனை பேருடைய காணி உறுதி இன்று நமது அலுமாரியில் இல்லை! வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கிறது. வீடு கட்டவென்று, மகளின் சீதனத்துக்கென்று, மகனை வெளிநாடு அனுப்பவென்று வீட்டையும் வளவையும் ஈடு வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட இல்லங்களுக்கு இந்தத் தாயின் கதை சொல்லும் பாடங்களை இந்த வாரம் சிந்திப்போம்.

முதலாவது பாடம்: வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

கடன்பட்டவர்களுக்குக் கணக்குப் பார்க்கப் பயம். தவணைப் பணம் கட்டினோமா, அடுத்த மாதம் பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொள்கிறோம். ஆனால் எலிசேயு கேட்டது கணக்குத்தான். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணிக்க வேண்டும் என்று நம் ஆண்டவரும் லூக்காஸ் நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்திலே போதிக்கிறார். கணக்குப் பார்ப்பது உலகப் பற்று என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிப்பது நல்லது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 20 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 12 வீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிக்கும் முறையில் மாதத் தவணை ஏறத்தாழ 24,000 ரூபா வரும். முதல் மாதம் அவர் கட்டுகின்ற 24,000 ரூபாவிலே 20,000 ரூபா வட்டிக்குப் போய்விடும். முதலில் குறைவது 4,000 ரூபா மாத்திரமே! பதினைந்து ஆண்டுகளும் இப்படியே கட்டி முடித்தால் மொத்தம் 43 இலட்சத்துக்கு மேல் கட்டியிருப்பார். அதாவது, வாங்கியது ஒரு வீட்டுக்கு; கட்டியது இரண்டு வீட்டுக்கு.

இதே மனிதர் நாளொன்றுக்கு நூறு ரூபாவை ஒதுக்கி, மாதம் 3,000 ரூபாவைத் தவணைக்கு மேலதிகமாக, முதலுக்கே சேரும்படி கட்டி வந்தால் என்ன நடக்கும்? வட்டி வீதம் மாறாதிருக்குமாயின், கடன் 180 மாதங்களில் அல்ல, 136 மாதங்களில் தீர்ந்துவிடும். மூன்று ஆண்டும் எட்டு மாதமும் மிச்சம். வட்டியில் ஆறரை இலட்சம் ரூபாவுக்கு மேல் மிச்சம். இது அற்புதமன்று, வெறும் கணக்கு. இன்று முதலில் குறைகின்ற ஒவ்வொரு ரூபாவும் எஞ்சிய ஆண்டுகள் முழுவதற்கும் தன் வட்டியையும் கூடவே கொண்டு போய்விடுகிறது. அதனால் தொடக்க ஆண்டுகளிலே கட்டும் சிறு தொகைக்குப் பெறுமதி அதிகம்.

நமது மூதாதையரின் ஒற்றி முறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலும் இடம்பெறும் முறை அது. காணியை ஒற்றிக்கு வாங்கியவன் வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பான். பனையும் தென்னையும் ஆண்டுதோறும் அவனுக்கே காய்க்கும். முதலோ அப்படியே நிற்கும். தகப்பன் வைத்த ஒற்றியைப் பேரன் மீட்ட குடும்பங்கள் உண்டு. மீட்காமலே கைவிட்ட குடும்பங்களும் உண்டு. இன்றைய வங்கிக் கடனில் சிறிது சிறிதாக முதலைக் குறைக்கும் வழி இருக்கிறது. அந்த வழி இருந்தும் நாம் நடவாதிருப்பது யாருடைய குற்றம்?

இரண்டாவது பாடம்: கதவைச் சாத்திக்கொள்வது.

எண்ணெயை ஊற்றும்போது கதவைச் சாத்தும்படி எலிசேயு ஏன் சொன்னார்? குடும்பத்தின் சிக்கனம் ஊருக்குக் காட்டும் காட்சியல்ல என்பதற்காகவும் இருக்கலாம் அன்றோ! நம்மிடையே பெருஞ்செலவுகளில் பல, கதவு திறந்திருப்பதால் வருபவை. அயல்வீட்டார் முதல்நன்மை விழாவுக்கு மண்டபம் எடுத்தார்கள், நாமும் எடுக்க வேண்டும். அவர்கள் சாமத்தியவீட்டுக்கு வீடியோ எடுத்தார்கள், நாமும் எடுக்க வேண்டும். பெருநாளுக்கு எல்லாருக்கும் புதுச் சேலை. விரலுக்குத் தக்க வீக்கம் என்று சொன்ன ஊரில் இன்று வீக்கத்துக்குத் தக்க விரலைத் தேடி வங்கிக்குப் போகிறோம்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். கணவன் சாரதி, மனைவி ஆசிரியை, பிள்ளைகள் இருவர். 2013ஆம் ஆண்டில் பதினைந்து வருடக் கடன் எடுத்து வீடு கட்டினார்கள். வீட்டை மந்திரிக்கப் போனபோது, "வீடு எங்கட பேரில, ஆனா உறுதி வங்கியில கிடக்குது சுவாமி" என்று அந்த மனிதர் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். சில நாட்களில் அவர்கள் இருவரும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து, ஒரு மாதத்துச் செலவு முழுவதையும் ஒன்றும் விடாமல் எழுதினார்கள். சுருட்டும் தேநீர்க்கடையும் எவ்வளவு, வீணாய்ப் போன கறி எவ்வளவு, தவணைமுறையில் வாங்கிய பொருட்கள் எவ்வளவு என்று பார்த்தபோது இருவருக்குமே வெட்கமாய்ப் போயிற்றாம். ஒரு வெற்றுப் பால்மாப் பேணியின் மூடியில் துளை போட்டு, சுருவத்துக்குக் கீழே வைத்தார்கள். மாலைச் செபம் முடிந்ததும் நூறு ரூபா பேணிக்குள் போகும். சில நாள் ஐம்பது. சில நாள் ஒன்றுமில்லை. மாத முடிவில் எண்ணி, வங்கியில் மேலதிகமாகக் கட்டினார்கள்.

2022 வந்தது. ஏப்பிரல் மாதத்தில் மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அவர்களுடைய கடன் மாறும் வட்டியில் எடுத்தது. தவணை ஏறிற்று, அரிசி விலையும் ஏறிற்று. பேணி பல மாதங்கள் வெறுமையாய் இருந்தது. "அந்த மூட்டம் நாங்கள் பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கிறதைத்தான் பார்த்தம், சுவாமி. பேணிக்கு ஒண்டும் போடேல்ல" என்று அந்தத் தாய் சொன்னாள். அவள் செய்தது சரி. ஆனால் அதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில் முதல் நன்றாகக் குறைந்திருந்தபடியால், ஏறிய வட்டி அவர்களைத் தள்ளாட வைத்ததே தவிர, விழுத்தவில்லை. 2025இல், தவணைக்காலம் முடிய மூன்று ஆண்டுகள் இருக்கையில், அவர்கள் கடனைத் தீர்த்து உறுதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அது திருச்சபை ஜூபிலி கொண்டாடிய ஆண்டு. ஐம்பதாம் ஆண்டிலே விற்ற காணி பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் விதித்திருந்ததே, அந்த ஜூபிலி! ஈடு வைத்ததைத் திரும்பப் பெறுவதை நாம் 'மீட்பது' என்கிறோம். ஆண்டவர் நமக்குச் செய்ததையும் 'மீட்பு' என்றே சொல்கிறோம். அந்த உறுதியைக் கையில் வாங்கிய தாய் அழுதாள் என்று கேள்விப்பட்டபோது, இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதன் காரணம் எனக்கு இன்னும் நன்றாக விளங்கிற்று.

மூன்றாவது பாடம்: அயலாரின் பாத்திரங்கள்.

அந்த விதவையிடம் எண்ணெய் இருந்தது, பாத்திரம் இல்லை. பாத்திரத்தை அயலார் கொடுத்தார்கள். பாத்திரம் முடிந்ததும் எண்ணெயும் நின்றுவிட்டது. தனியொரு குடும்பத்தின் முயற்சிக்கு எல்லை உண்டு. அயலார் சேர்ந்தால் எல்லை விரிகிறது. கனடாவின் நோவா ஸ்கோசியாக் கரையிலே வறிய மீனவரும் சுரங்கத் தொழிலாளரும் வாழ்ந்த ஊர்களில் டொம்ப்கின்ஸ், கோடி என்னும் இரண்டு குருக்கள் இதைச் செய்து காட்டினார்கள். அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தில் 1928இல் ஒரு விரிவாக்கப் பகுதி தொடங்கப்பட்டது. மக்கள் அடுக்களைகளில் கூடிக் கணக்குப் படித்தார்கள். சதம் சதமாய்ச் சேர்த்துத் தங்களுக்கென்று கடனுதவிச் சங்கங்களை அமைத்தார்கள். 1930களின் பிற்பகுதியில் சில சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கூட்டாக வீடுகளும் கட்டிக்கொண்டன. நம் நாட்டிலும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின. நமது பங்குகளில் உள்ள சிக்கனச் சங்கத்தையும் மாதர் சங்கத்தின் சீட்டையும் அற்பமாக எண்ணாதிருப்போம்.

இனி, நடைமுறைக்குரிய சில வார்த்தைகள்.

மேலதிகமாகக் கட்டும் பணம் முதலிலேயே கழிக்கப்படுகிறதா, அல்லது அடுத்த தவணைக்கென்று வெறுமனே வைக்கப்படுகிறதா என்று வங்கியில் கேட்டு, எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். உண்டென்றால் மிச்சமாகும் வட்டியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அடைவு நகை, கடன் அட்டை, வாராவாரம் கட்டும் நுண்கடன் போன்ற கூடிய வட்டிக் கடன்கள் இருந்தால் வீட்டுக் கடனுக்கு முன் அவற்றையே தீர்த்துவிடுங்கள். நோய் நொடிக்கென்று இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு காய்ச்சல் வந்தவுடன் மறுபடியும் வட்டிக்காரனிடம் போக நேரிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை மதிலுக்கும் மாபிளுக்கும் முன்னே கடனுக்குக் கொடுங்கள். கடன் தீர்ந்த அன்று உறுதியை மாத்திரம் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஈடு நீக்கப்பட்டதை நொத்தாரிசு மூலம் எழுதுவித்து, காணிப் பதிவகத்தில் பதிவாகும்வரை தொடருங்கள். பதியாமல் விட்டால் பிள்ளைகளின் காலத்தில் அது சிக்கலாய் முளைக்கும்.

சிக்கனம் என்ற பெயரில் பிள்ளையின் பாலைக் குறைப்பதும், வயது சென்ற தாய்தகப்பனின் மருந்தை நிறுத்துவதும், வாசலில் வந்த ஏழையை வெறுங்கையோடு அனுப்புவதும் சிக்கனமல்ல, பாவம். நமது பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் பிடியரிசி ஒதுக்கினார்களே, அது தங்களிடம் மிகுந்து கிடந்ததாலா? இல்லை. கொஞ்சத்திலிருந்தும் ஒதுக்கலாம் என்று அறிந்திருந்தார்கள். கடனுக்கு ஒரு பிடி ஒதுக்கும் கை, ஏழைக்கும் ஒரு பிடி ஒதுக்கட்டும்.

நூறு ரூபா அல்ல, பத்து ரூபாவும் ஒதுக்க முடியாமல் இதை வாசிக்கிறவர்களும் இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். கடலுக்குப் போக முடியாத மாதங்களும், விளைச்சல் அழிந்த போகங்களும், கணவனை இழந்த இல்லங்களும் நம்மிடையே உண்டு. உங்களை இந்த எழுத்து குற்றஞ்சாட்டவில்லை. அந்த விதவையும் தன் குற்றத்தால் கடன்படவில்லை. எலிசேயு அவளைக் கடிந்துகொள்ளவுமில்லை. நெகேமியாவின் காலத்தில், பஞ்சத்திலே தானியத்துக்காக வயலையும் வீட்டையும் ஈடு வைத்த மக்கள் கூக்குரலிட்டபோது, நெகேமியா கடிந்துகொண்டது கடன் கொடுத்த பெரியோரையே. அவற்றைத் திருப்பிக் கொடுக்கவும் வைத்தார். நம்மில் கைமாற்றும் வட்டிக்கும் கொடுப்பவர்கள், ஞாயிறுதோறும் முன் வாங்கில் முழந்தாளிடுகிறவர்கள், அந்த ஐந்தாம் அதிகாரத்தை இன்றிரவு வாசிப்பார்களாக!

அன்பார்ந்தவர்களே, அந்தத் தாயின் பிள்ளைகள் அடிமைகளாகாமல் வீட்டிலேயே வளர்ந்தார்கள். அதற்காகவே எண்ணெய் பெருகிற்று. நாம் கடனை முந்தித் தீர்ப்பதும் பணத்தைக் கட்டிக் காப்பதற்காக அல்ல; பிள்ளைகள் அச்சமின்றித் தூங்குவதற்காகவே. இன்று மாலைச் செபத்தின் பின் கணவனும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கொப்பியை எடுத்து, வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஒரு குடம் எண்ணெயாவது இல்லாமலா போகும்?

சிந்திய அப்பத் துண்டுகளும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்ன நம் ஆண்டவர், உங்கள் சிறு சேமிப்பையும் ஆசீர்வதித்து, உங்கள் இல்லங்களை எல்லாக் கட்டுகளினின்றும் மீட்டருள்வாராக. ஆமென்.