திருட்டுப் பூ முருகனுக்கு ஆகுமா?

ஓம் சரவணபவ.

போன கிருத்திகை அன்று காலையில் நான் ஒரு தப்பு பண்ணினேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டு மதில் ஓரம் ஒரு வெட்சிச் செடி இருக்கிறது. இட்லிப்பூ என்றால் எல்லோருக்கும் தெரியும். முருகனுக்கு உகந்த சிவப்புப் பூ. கிருத்திகைக்கு என்று கொத்துக் கொத்தாய் விட்டு வைத்திருந்தேன். விடிகாலையில் பார்த்தால் தெருப்பக்கம் ஒரு கொத்துகூட இல்லை. ஒரு பாட்டி பையோடு நின்றார். "கேட்காம பறிச்சா அது திருட்டு இல்லையா? திருட்டுப் பூவை முருகன் ஏத்துக்குவானா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பையை மதில்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அந்தப் பூவைத்தான் சுவாமி படத்துக்குப் போட்டேன். கவசம் சொல்ல உட்கார்ந்தால் வாய் வரவில்லை. காரணம், அந்தச் செடியே திருட்டுச் செடி.

ஒன்பது வருஷம் முன்னால், ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிளையை யாரிடமும் கேட்காமல் ஒடித்து வந்தேன். "திருடி வச்ச செடிதான் நல்லா வரும்" என்று சொல்வார்களே, அந்தத் தைரியம். மழைக்காலம், நிழலில் வைத்தேன், வேர் பிடித்தது. மதில் ஓரம் நட்டதும் இலை மஞ்சளடித்து, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது. சிமெண்டுக் குப்பை கலந்த மண். சுண்ணாம்பு ஏறின மண்ணில் வெட்சியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. தோண்டி எடுத்துவிட்டு செம்மண்ணும் தொழு உரமும் போட்டேன். பிறகுதான் பூத்தது.

இவ்வளவு பாடுபட்டேனே, அப்போ செடி என்னுதுதானே? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெட்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ இது. தொல்காப்பியம் வெட்சித் திணையை முருகனின் குறிஞ்சிக்குப் புறமாகச் சொல்கிறது. களவில் கொண்டுவந்த பசுக்களைக் காப்பாற்றுவதையும் சேர்த்தே சொல்கிறது. படித்ததும் முதலில் சந்தோஷமாக இருந்தது. திருடினாலும் நல்லா வளர்த்தேனே என்று ஒரு சமாதானம். ஆனால் அது போர்முறை. நான் போருக்கா போனேன்? பக்கத்துத் தெருவுக்குத்தான் போனேன். வளர்த்த பாடு உண்மைதான். அதுக்காகக் கேட்காமல் ஒடித்தது இல்லை என்று ஆகிவிடாது.

"எல்லாம் முருகன் குடுத்தது, யாரு வேணா பறிக்கலாம்" என்று விடவும் மனசு ஒப்பவில்லை. தண்ணி ஊத்தினவன் காலையில் வெறும் செடியைப் பார்க்கும்போது வலிக்கத்தான் செய்யும்.

கிளை ஒடித்த வீட்டுக்குப் போனேன். அது இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மன்னிப்புக் கேட்க ஆளும் இல்லை, செடியும் இல்லை. அங்கே தீர்க்க முடியாத கடனை இங்கேதான் தீர்க்கணும் என்று தோன்றியது. பாட்டியைத் தேடிப் போய், "தினம் வந்து பறிச்சுக்கோங்க பாட்டி" என்றேன்.

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் தம்பி" என்றார்.

அன்றைக்கு எனக்கும் அதே பயம்தான். கேட்டிருந்தால் அந்த வீட்டுக்காரர் குடுத்திருப்பாரோ என்னமோ. அவருக்குக் குடுக்கிற வாய்ப்பையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது பாட்டி கொத்துக்குக் கீழே இரண்டு இலையோடு கிள்ளுகிறார். அந்த இடத்தில் பக்கக் கிளை வந்து மறுபடி பூக்கிறது. பட்டாம்பூச்சிக்கு நாலு கொத்து விட்டுவிடணும், அது மட்டும்தான் எங்கள் ஒப்பந்தம்.

ஒன்பது வருஷம் நான் போட்ட பூவை முருகன் ஏத்துக்கிட்டாரா? எனக்குத் தெரியாது. இந்த மழைக்கு ஆறு குச்சி பதியம் போட்டிருக்கிறேன். தெருவில் யார் கேட்டாலும் தருவேன்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!