இசை தெவிட்டுமோ?

இசையைக் கேட்டு மக்கள் என்றேனும் சலிப்படைவதுண்டோ என்பது பலரும் எழுப்பும் வினா. உண்டென்பார், நேற்று இனித்த பாட்டு இன்று கசப்பதனைக் காட்டுவர். இல்லையென்பார், தொட்டிலிற் கேட்ட தாலாட்டு முதலாக மூப்புக்காலம் ஈறாக மனிதன் பாட்டை விட்டு வாழ்ந்த நாளில்லை என்பர். இருதிறத்தார் கூற்றும் அநுபவத்தோடு பொருந்துதலின், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் அமையாது. சலிப்பு என்னும் சொல்லின்கீழ் எவையெவை அடங்குகின்றன என்பதனைப் பகுத்துக் காண்டலே முறையாம்.

இவ்வாராய்ச்சி சைவ ஆசிரியர்க்குப் பெரிதும் வேண்டப்படுவது. நாடோறும் காலையில் மாணாக்கர் திரண்டு நின்று தேவாரம் ஓதப் பாடசாலை தொடங்குகின்றது. அவ்வேளையில் நாப் பாடவும் கண் வாயிற்புறத்தை நோக்கவும் நிற்கும் பிள்ளைகள் பலரை நாம் காண்கின்றோம். முதலாம் வகுப்பில் ஆசையோடு பாடிய அதே பாட்டை எட்டாம் வகுப்பில் முணுமுணுத்து முடிக்கின்றனர். இக்குறை பாட்டினதோ, பிள்ளையினதோ, ஓதுவிக்கும் நம்மதோ என்பதனைத் துணியாது பரிகாரம் தேடுதல், நோயறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

இசை கேட்பான் ஒருவன் “போதும்” என்று சொல்லுதல் மூன்று காரணங்களால் நிகழும். அவை இளைப்பு, தெவிட்டல், நிறைவு என்பன. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினும் அவை தம்முள் வேறானவை.

இளைப்பு உடம்பின்பாற்பட்டது. நெடுநேரம் நடந்த கால் ஓய்வு வேண்டுதல்போல நெடுநேரம் கேட்ட செவியும் ஓய்வு வேண்டும். உட்செவியிலுள்ள மயிர்போன்ற நுண்ணிய உணர்கலங்கள் பேரொலியாற் சிதையுமாயின் மனிதரிடத்தில் அவை மீள முளைப்பதில்லை என்பது உடல்நூலார் துணிபு. ஆகலின் அளவிறந்த ஒலியினின்று செவியைக் காத்தல் இசையை வெறுத்தலாகாது. இசை கேட்டற்குரிய கருவியைப் பேணுதலேயாம். உறங்கி எழுந்தவன் மீண்டும் பாட்டை விரும்புதலே இளைப்பு வேறு தெவிட்டல் வேறு என்பதற்குச் சான்று.

இனித் தெவிட்டலாவது யாதெனின், கருவி நலமாயிருந்தும் உள்ளம் பாட்டை ஏலாதொழிதல். இதனை இக்கால உளநூலாரும் ஆராய்ந்துளர். முன்னறியாத ஒன்றைப் பன்முறை காணவும் கேட்கவும் அதன்மேல் விருப்பம் வளரும் என்பதனை 1968ஆம் ஆண்டில் சயன்ஸ் என்பார் எடுத்துக்காட்டினார். விருப்பம் ஓரெல்லைவரை ஏறிப் பின் இறங்கும் என்பதும், எளிய அமைப்புடையது விரைவில் தெவிட்டும் என்பதும் 1971ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பெர்லைன் என்பாரது கொள்கை. கேட்பவனுக்கு இன்பம் பாட்டின் உச்சத்தில் மாத்திரமன்றி, அவ்வுச்சம் வரப்போகின்றது என்று எதிர்பார்க்கும் கணத்திலும் உண்டாகின்றது என்பதனை மொன்றியல் நகர ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் மூளையின் செயல்கொண்டு காட்டினர். இவற்றாற் பெறப்படுவது ஒன்றுண்டு. எதிர்நோக்கிச் செல்லுதற்கு யாதும் எஞ்சாதபோது தெவிட்டல் தோன்றுகின்றது. கேட்பவன் “இதில் அறியவேண்டியது அனைத்தும் அறிந்துவிட்டேன்” என்று எண்ணிய அன்றே பாட்டு அவனளவில் இறந்துவிடுகின்றது.

இதனைச் சித்தாந்த நெறியால் நோக்குவோமாயின் பொருள் இன்னும் விளங்கும். செவி தானே கேட்பதில்லை. உறங்குவான் செவி திறந்தேயிருப்பினும் அருகிற் பாடும் பாட்டை அவன் அறியான். உயிரானது அந்தக்கரணங்களோடும் செவியோடும் கூடியவழியே ஓசையை அறியும். அக்கூட்டமும் இறைவன் உடனின்று அறிவித்தலாலேயே நிகழும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. பாட்டோடு சாராது வேறொன்றைச் சார்ந்த உயிருக்குப் பாட்டு வெற்றோசையாய் முடிகின்றது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானத்துக்குப் படிகள் நான்கு கூறுவர் பெரியோர். கேட்டலோடு நின்றவனுக்கு மீண்டுங் கேட்டல் ஏறியிறங்கிய படியிலேயே ஏறியிறங்குதலாம், அவன் சலியாதிருப்பதெங்ஙனம்? சிந்தித்தற்குச் சென்றவனுக்கோ அதே பாட்டு அடுத்த படிக்கு வாயிலாகின்றது.

ஈண்டு ஒருவர் ஆசங்கிக்கலாம்: “சினிமாப் பாட்டுத் தெவிட்டும், அருட்பாட்டு யார்க்கும் எக்காலத்தும் தெவிட்டாது. தெவிட்டுகின்றதென்பான் பத்தியில்லாதவன்” என. இது பத்தியாற் சொல்லப்படினும் முழுதும் பொருந்தாது. பாட்டு அருள்வாக்கேயாயினும் கேட்கும் உயிர் மலமறைப்புடையது. கதிரவன் ஒளியிற் குறையில்லை. மூடிய கண்ணுக்கு அவ்வொளி புலப்படாது. அன்றியும், செவியும் அறிவும் நலமாயிருந்தும் பிறவற்றில் இன்பங்கொண்டும் இசையில் மாத்திரம் இன்பமுறாதார் சிலர் உளர் என்பதனை 2014ஆம் ஆண்டில் பார்சிலோனா நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இஃது இயற்கையமைப்பு. அத்தகைய பிள்ளை ஒன்று நம் வகுப்பில் இருத்தலுங் கூடும். இசையில் மயங்காமையைப் பத்தியின்மை எனக்கொண்டு அப்பிள்ளையைப் பலர்முன் கடிந்துகொள்ளுதல் அறமாகாது. அதற்குப் பொருள்வழியாகவும் தொண்டுவழியாகவும் திருக்கோயில் வாயில் திறந்தேயிருக்கின்றது.

தெவிட்டல் வரக்கூடும் என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்றே யாம் கருதுகின்றோம். தேவாரப் பண்கள் இருபதுக்கு மேற்பட்டன. அவற்றைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்துப் பொழுதுக்கேற்ப ஓதும் முறையை வகுத்தனர். நம் ஈழநாட்டுத் தலங்களிரண்டையே எடுத்துக்கொள்வோம். திருக்கோணமலைக்குச் சம்பந்தமூர்த்தி நாயனார் அருளிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. அப்பண்ணை இக்காலத்தார் விடியற்பொழுதுக்குரிய பூபாள இராகத்திற் பாடுவர். திருக்கேதீச்சரத்துக்கு அவர் அருளிய பதிகம் நட்டராகம். அதே தலத்துக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய பதிகம் நட்டபாடை. ஒரே தலமாயினும் பாடிய அடியார் வேறு, பண் வேறு, உள்ளத்தின் நிலையும் வேறு. இவையனைத்தையும் ஒரே மெட்டில் இழுத்துப் பாடக் கற்பித்துவிட்டுப் பிள்ளைகள் சலிக்கின்றனர் என்று நாம் முறையிடுதல் தகுமோ? காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் பழந்தமிழிசையை ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார். அந்நூலாசிரியர் பிறந்த நாட்டிலே பண்களின் பெயர்தானும் அறியாது மாணாக்கர் கல்விமுடித்துச் செல்லுதல் நமக்குப் பெருமை தருவதன்று.

திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. பிள்ளையார் பாடிய பதிகங்களையெல்லாம் யாழில் இட்டு வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைக் கேட்டபோது தம் கருவியை உடைக்கவே ஓங்கினார், பிள்ளையார் தடுத்தருளினார். இசையிற் றலைநின்ற பாணனார்க்கே அளவிடலாகாதிருந்த ஒன்றைச் சில ஆண்டு காலைவணக்கத்தில் ஓதிய நாம் “எல்லாம் அறிந்தாயிற்று” என்று தள்ளுதல் அறியாமையேயன்றோ!

ஒன்றனையே மீண்டும் மீண்டும் கேட்டல் தெவிட்டலுக்குப் போதிய காரணமாகாதென்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராணப் படனம் ஆண்டுதோறும் நிகழும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். சூரபன்மன் கதை யாவரும் அறிந்ததே. முடிவு தெரிந்திருந்தும் முதியோர் அவ்விடத்தில் வந்திருந்து கேட்டனர். கேட்டுக் கண்ணீர் வார்த்தனர். கதையிற் புதுமை யாதுமில்லை. கேட்பவனது வாழ்வே ஆண்டுக்காண்டு புதிதாயிற்று. சென்ற ஆண்டு மகனைப் பெற்றவனும் இவ்வாண்டு தந்தையை இழந்தவனும் அதே செய்யுளை அதே செவியாற் கேட்பதில்லை. இசையும் பொருளும் பிரியாது நின்றமையால், அவரவர் வாழ்வு அப்பொருளிற் சென்று பொருந்துதற்கு இடமுண்டாயிற்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியை ஆக்குதற்கு முன், மனிதக் குரலிற் பிறந்த ஒரு பாட்டை எள்ளளவும் வேறுபடாது இருமுறை கேட்டவர் உலகில் ஒருவருமிலர். பாடுவான் ஒருவனே பாடினும் இன்றைய குரல் நேற்றையதன்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வகுத்தமையை அக்கோயிற் கல்வெட்டு உரைக்கும். நாள்தோறும் உயிருள்ள குரலாற் பாட்டுப் புதிதாய்ப் பிறத்தல் வேண்டும் என்பதே அந்நிவந்தத்தின் பயன். இன்றோ ஒலிபெருக்கியின் வாயிலாக ஒரே பதிவு விடியலில் ஊர்முழுதும் முழங்குகின்றது. கேட்க விரும்பினவனும் விரும்பாதவனும், நோயாளியும், சோதனைக்குப் படிக்கும் மாணாக்கனும் ஒருங்கே கேட்கின்றனர். பாடுவார் கோயிலில் இலர். கேட்பார் மனமும் பாட்டில் இலது. பாட்டை வெறுக்கக் கற்பித்தற்கு இதனினும் எளிய வழி வேறில்லை. ஒலிப்பதிவு வேண்டாவென்பது எம் கருத்தன்று. தனித்திருந்து விரும்பிக் கேட்பானுக்கும், நல்லோதுவார் குரலைக் கேட்டுப் பண்பயில்வானுக்கும் அது பேருதவி. வழிபாட்டின் இடத்தை அது கவர்ந்துகொள்ளுதலே குற்றம்.

மூன்றாவதாகிய நிறைவு மேற்கூறிய இரண்டினும் வேறு. பாட்டு முடிந்தபின் கேட்டவன் பேசாதிருத்தலுண்டு. “இன்னொன்று பாடுக” என்று அவன் கேளாதது வெறுப்பினாலன்று. பாட்டுச் சேர்க்கவேண்டிய இடத்திற் சேர்த்துவிட்டமையாலாம். கல்லால நீழலிற் பேசாது உணர்த்திய பெருமானை வணங்கும் நமக்கு இம்மௌனத்தின் பொருள் புதிதன்று. தெவிட்டியவன் பாட்டை விட்டு வெளியே போகின்றான். நிறைந்தவன் பாட்டின் உள்ளே போகின்றான். ஆகவே தொடங்கிய வினாவுக்கு விடை இது: செவி இளைக்கும், கேட்டலோடு நின்ற உள்ளம் தெவிட்டும், பொருளைச் சார்ந்த உயிர் நிறையுமேயன்றிச் சலியாது.

விடை இதுவாயின் பிள்ளைகளின் சலிப்பிற் பெரும்பங்கு நம்முடையதேயாம். அதனைக் களைதற்கு ஆசிரியர் செய்யத்தக்கன பெருஞ்செலவினவல்ல. ஒரே பாட்டை ஆண்டு முழுதும் ஓதுவியாது, வாரந்தோறும் ஒரு பாட்டாக மாற்றுக. வாரத்தின் முதனாளில் அப்பாட்டின் பொருளையும், பாடிய நாயனார் அன்று எந்நிலையில் நின்று பாடினார் என்பதனையும் ஐந்து நிமிடத்திற் சொல்லுக. பண்ணின் பெயரைச் சொல்லி, இயன்றவரை அப்பண்ணிலேயே பயிற்றுக. ஒலிப்பதிவை இயக்கிவிட்டு வரவிடாப்பைத் திருத்திக்கொண்டிராது, ஆசிரியர் தாமும் உடனின்று பாடுக. குரல் நன்றாயில்லை என்று நாணவேண்டா. பாடி முடிந்தவுடன் அறிவித்தல்களைத் தொடங்காது, அரை நிமிடமேனும் பிள்ளைகளை வாளா நிற்கச்செய்க. அவ்வரை நிமிடமே சிந்தித்தலுக்கு நாம் திறந்துவைக்கும் வாயில்.

பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்கும் பாடங்களிற் பல மறந்துபோம். காலையில் ஓதிய பதிகமோ, அவர் கடல்கடந்து வேற்றுநாட்டில் தனித்திருக்கும் இரவொன்றில், எவரும் அழையாமலே நாவில் வந்து நிற்றல்கூடும். அன்று அது வெற்றோசையாய் வருமோ துணையாய் வருமோ என்பது இன்று நாம் ஓதுவிக்கும் முறையைப் பொறுத்தது. அம்முறையிற் சோர்வுறாது நிற்க எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் நம்மனைவர்க்கும் முன்னின்று உதவுவதாக.