யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ஒப்புரவு அருட்சாதனம் பெற்று எழுந்து வருகையில் நெஞ்சின் பாரம் குறைகிறது. அது இறைவனின் கொடை. ஆயினும் அந்த நிம்மதியே சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. இறைவன் மன்னித்துவிட்டார், ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். நம்மால் இழப்புற்றவனோ ஆலயத்திற்கு வெளியே அப்படியே நிற்கிறான்.

இவ்வகையில் நம் விசுவாசத்தின் வேராகிய யூத மரபு கூர்மையாகப் பேசுகிறது. மனந்திரும்புதலை யூதர் 'தெஷுவா' என்பர். திரும்பி வருதல் என்பது அதன் பொருள். யோம் கிப்பூர் எனும் பாவக் கழுவாய் நாள் கடவுளுக்கு எதிரான குற்றங்களைப் போக்கும். அயலானுக்கு இழைத்த குற்றத்தையோ, அவனைச் சமாதானப்படுத்தும் வரை போக்காது என மிஷ்னா கற்பிக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிதெஸ் இதனை விரித்துரைத்தார். குற்றத்தை வாய்திறந்து அறிக்கையிட வேண்டும்; வருந்த வேண்டும்; இனிச் செய்வதில்லை என உறுதிபூண வேண்டும்; பறித்ததைத் திருப்பித் தந்து, உரியவனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். அவன் இறந்துவிட்டானா? பத்துப் பேரை அழைத்துச் சென்று அவன் கல்லறையருகே நின்று அறிக்கையிட வேண்டும்.

ஆனால், குற்றம் செய்தவரும் பலர், இழப்புற்றவரும் பலர் என்றால் என்ன செய்வது?

அத்திப்பட்டில் வாழ்வோருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 1994 முதல் இங்கே வட சென்னை அனல்மின் நிலையம் இயங்கி வருகிறது. சாம்பற்சேறு செல்லும் குழாய்கள் உடைந்து கசிந்ததால் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் பல இடங்களில் தூர்ந்தது. 2017 சனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது.

யார் பொறுப்பு என்று கேட்டால், தொழிலாளி அதிகாரியைக் காட்டுகிறார். அதிகாரி நிர்வாகத்தைக் காட்டுகிறார். நிர்வாகம் மழையைக் காட்டுகிறது. பாபிலோனில் நாடுகடத்தப்பட்டிருந்த மக்களும், தந்தையர் புளித்த காய் தின்றதால் தங்கள் பல் கூசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். எசேக்கியேல் அந்தப் பழமொழியையே மறுத்தார். அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்றார். பலர் பங்கிட்டுக்கொள்வதால் குற்றம் கரைந்துபோவதில்லை.

இதை எழுதுகிறவனும் தப்ப இயலாது. நான் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன். மழைக்கால இரவுகளில் கழிவுநீர் வெளியேறும் இடத்திற்குப் போய்ப் பாராமலேயே, எல்லாம் சரி என்று பதிவேட்டில் கையெழுத்திட்டிருக்கிறேன். பின்னாளில் குருவானவரிடம் அதை அறிக்கையிட்டேன்; அவர் தந்த அபராதச் செபங்களையும் சொல்லி முடித்தேன். அந்த நீர் எந்த வலையில் போய்ச் சேர்ந்தது, எவருடைய அன்றைய மீன்பாடு குறைந்தது என்பதை நான் அறியேன். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

இந்தச் சிக்கலையும் தால்முத் எண்ணிப் பார்த்திருக்கிறது. வரிதண்டுவோர் போன்று பொதுமக்களிடம் பறித்தவர்கள் மனந்திரும்புவது கடினம் என்கிறது. ஏனெனில் யார் யாரிடம் எடுத்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. வழி என்ன? அறிந்தவர்க்குத் திருப்பிக் கொடு. எஞ்சியதைக் கொண்டு கிணறு, நீர்த்தொட்டி போன்ற பொதுப்பணிகளைச் செய். ஊரார் அனைவரும் பருகும் நீரில், முகம் தெரியாத அந்த ஒருவரும் பருகுவார் அல்லவா?

வரிதண்டுவோர் தலைவரான சக்கேயு, ஏமாற்றியவர்க்கு நான்கு மடங்கும் ஏழைகளுக்குப் பாதி உடைமையும் தருவதாக ஆண்டவர்முன் எழுந்து நின்று சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. முன்னது முகம் தெரிந்தவர்க்கு. பின்னது முகம் தெரியாதவர்க்கும் என்று கொள்ளலாம். பாவமன்னிப்புப் பாவத்தை நீக்கினாலும், அது விளைவித்த சீர்கேட்டை நாமே ஈடுசெய்ய வேண்டும் என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது.

நிறுவனங்கள் தர வேண்டிய இழப்பீட்டை நீதிமன்றங்கள் தீர்மானிக்கட்டும். தனிமனிதன் தர வேண்டியது வேறு. கழிமுகத்தைத் தூர்வாரக் கோரும் மீனவரோடு சென்று நிற்கலாம். கண்டதைக் கண்டபடி சாட்சி சொல்லலாம். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைக் குப்பத்தின் குடிநீருக்கு ஒதுக்கலாம். நான் இவற்றைக் காலந்தாழ்த்தியே தொடங்கியிருக்கிறேன்.

அதே இடம், அதே வாய்ப்பு மீண்டும் வாய்த்தும் அதே குற்றத்தைச் செய்யாதவனே முழுமையாக மனந்திரும்பியவன் என்பார் மைமோனிதெஸ். முதுமையில், செய்ய இயலாத காலத்தில் திரும்புவதும் பயனுள்ளதே. ஆனால் அது சிறந்ததன்று என்கிறார். ஓய்வு பெற்ற எனக்கு அந்தச் சோதனை இனி வராது. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பதிவேடு வேறொருவர்முன் விரிக்கப்படும். இதை வாசிக்கும் நீங்களே அவராக இருந்தால், கையெழுத்திடும் முன் ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள்.