பிறர் உயிராபத்து நமக்குக் காட்சியா?

உயிரைப் பணயம் வைத்து உழைப்போரின் வாழ்வை உள்ளது உள்ளபடி காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் தொலைக்காட்சித் தொடர்கள் நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டன. "ஹஸ்ரத், இவற்றைப் பிள்ளைகள் பார்க்கலாமா?" என்று நூம்பலில் மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சிலர் வினவினர். ஆடலும் பாடலும் இல்லை, உழைப்பைத்தானே காட்டுகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். ஆகும், ஆகாது என்று ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய மஸ்அலா அன்று இது.

இவ்வகைத் தொடர்களுள் பெரும்புகழ் பெற்றது டிஸ்கவரி தொலைக்காட்சி 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'டெட்லியஸ்ட் கேட்ச்'. அலாஸ்காவை அடுத்த பெரிங் கடலில், பனி உறைந்த படகுகளில் நின்று நண்டு பிடிப்போரின் கதை அது. மலையென எழும் அலை, கனத்த இரும்புக் கூண்டுகள், உறக்கமற்ற இரவுகள். 2010இல் அத்தொடரில் தோன்றிவந்த படகுத் தலைவர் பில் ஹாரிஸ் பக்கவாதம் தாக்கி வீழ்ந்து, சில நாள்களில் இறந்தார். அவருடைய விருப்பப்படியே அந்நாள்களும் படமாக்கப்பட்டு ஒளிபரப்பாயின. அவர் இசைந்தார் என்பது அவரைப் பொறுத்தது. ஒரு மனிதரின் மவ்த்து வேளையைக் கதையின் ஒரு கட்டமாகக் காணும் பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சு வேறு.

உழைப்பைப் பிள்ளைகள் காண வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாவூது நபி (அலை) இரும்பைக் கொண்டு போர்க்கவசம் செய்தார்கள். ஜகரிய்யா நபி (அலை) தச்சுத் தொழில் செய்தார்கள். மூஸா நபி (அலை) மத்யனில் ஆண்டுக்கணக்கில் ஆடு மேய்த்தார்கள். நம் பிள்ளைகளோ எதிர்வீட்டுச் சாரத்தில் நிற்கும் கொத்தனாரைக்கூட அண்ணாந்து பாரார்.

அரபு மொழியில் 'இப்ரத்' என்றொரு சொல் உண்டு. படிப்பினை எனத் தமிழில் கூறுகிறோம். அதன் வேர்ச்சொல்லுக்கு, ஆற்றைக் கடப்பது போலக் கடந்து செல்லுதல் என்று பொருள். கண்டதிலிருந்து காணாததற்கு அறிவு கடந்து செல்வதே இப்ரத்து. இக்கரையிலேயே நின்றுவிடும் பார்வை வெறும் தமாஷா. (அதுவும் அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியே வந்த சொல்தான், உலாவுதல் என்பது அதன் பழம்பொருள்.)

பெரிங் கடலில் அம்மனிதர்கள் புயலிலும் ஏன் தொழிலை நிறுத்தவில்லை? முன்னாளில் அங்கே நண்டுப் பருவம் சில நாள்களே திறந்திருக்கும். அனுமதித்த மொத்த அளவு தீரும்வரை முந்தியவருக்கே நண்டு. ஆகவே காற்றடித்தாலும் ஓடினர். தொடர் தொடங்கிய அதே 2005இல், அவரவர்க்குப் பங்கு வகுக்கும் முறை வந்தது. படகுகள் குறைந்து பலர் வேலையிழந்தனர் என்பதும் மெய்யே. ஆயினும் அவசரம் தணிந்தது, மரணங்களும் குறைந்தன. அவர்களைப் பலிகொண்டதில் கடலுக்கு மட்டுமா பங்கு? சட்டம் வகுத்த பந்தயத்துக்கும் உண்டு. தொடர் இதைத் தொட்டுச் சென்றாலும், பிள்ளையின் நினைவில் நிற்பது அலையே.

அலாஸ்கா தொலைவு. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய நம் தெருக்களில் கழிவுநீர் லாரி வந்து நிற்கிறது. நண்டுப் படகுத் தலைவர்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கழிவுத் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டையாய் நாறும். மிகுந்துவிட்டால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் போயிற்று என எண்ணியவன் மூச்சடைத்து வீழ்கிறான். அவனைத் தூக்க இறங்கியவனும் வீழ்கிறான். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என 2014இல் பணித்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. மரணங்கள் நின்றபாடில்லை, அவற்றில் தமிழகம் முன்வரிசையில் இருப்பது நமக்குத் தலைகுனிவு. இத்தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017இல் பல இடங்களில் திரையிடவே விடவில்லை. இணையத்தில்தான் மக்கள் பார்த்தனர். நண்டுப் படகு மட்டும் நம் கூடத்துக்குள் தடையின்றி வந்தது!

மார்க்கம் காக்க வந்த ஐந்தனுள் உயிரையும் ஒன்றாக எண்ணினார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அதை வைத்தே என் கருத்தைச் சொல்கிறேன். தம்யீஸ் என்னும் பகுத்தறியும் பருவத்தை எட்டாத குழந்தைகளுக்கு இத்தொடர்கள் வேண்டா. அச்சமோ, அதுபோலச் செய்யும் ஆசையோதான் மிஞ்சும். எட்டிய பிள்ளை பார்க்கட்டும். அத்தாவோ அம்மாவோ அருகிருக்க வேண்டும். இவருக்குக் கூலி எவ்வளவு, இவர் வீழ்ந்தால் வீட்டுக்கு யார், இந்த ஆபத்தை நீக்க வழியிருந்தும் நீக்காதவர் யார் என்று இடையிடையே கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால் இருவருமாய்த் தேடலாம். துணிச்சல் காட்டத் துடிக்கும் பதினைந்து வயதினனுக்கு, வீணே உயிரைப் பணயம் வைப்பது ஹராம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு நம் வீட்டுத் தொட்டி நிரம்பும் நாள் வரும். அன்று பிள்ளையும் வாசலில் நிற்கட்டும். குழாய் உறிஞ்சியது போக அடியில் தங்கிய சேற்றை எடுக்க ஆளை இறக்கவா என்று லாரிக்காரர் கேட்பார். கூடாது என்று அத்தா சொல்வதை அவன் கேட்கட்டும்.