ஊர்ப்பெயரைச் சொல்லலாமா?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி அடுக்கிய பூச்சிகளுக்குக் கீழே சின்னஞ்சிறு சீட்டுகள் இருக்கின்றன. சிலவற்றில் பூண்டுலோயா என்று எழுதியிருக்கிறது. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் அதே பூண்டுலோயாதான். அங்கே தோட்டத் துரையாக இருந்த எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் அனுப்பிய பூச்சிகள் அவை. 1861இல் கொழும்பில் பிறந்த அவர், பின்னாளில் இலங்கை அரசின் பூச்சியியலாளர் ஆனார். பயிரின் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

அந்தச் சீட்டில் பிடித்த ஊர் இருக்கும், நாள் இருக்கும், சேகரித்தவர் பெயர் இருக்கும். முதலில் அந்தப் பூச்சியைக் கண்டு காட்டியது யார், எந்த லயத்துக்காரர், எந்தச் சிறுவன் என்பது இருக்காது. ஆனாலும் சீட்டில்தான் பூச்சியின் மதிப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. எங்கே கிடைத்தது என்று தெரியாத உயிரினம் அறிவியலுக்கு வெறும் அலங்காரப் பொருள். ஊர்ப்பெயர் தெரிந்தால்தான் நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் அங்கே போய், அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்று தேட முடியும்.

இந்த மலைகளில் வேறு வகைச் சேகரிப்பும் நடந்தது. 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் கொன்று குவித்ததிலிருந்து எந்த அறிவும் பிறக்கவில்லை. கிரீனையும் ரோஜர்ஸையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. இருவருக்கும் காட்டைத் திறந்துவிட்டது ஒரே ஆட்சிதான், அதே காட்டை வெட்டித் தோட்டமாக்கியது தோட்டத் தொழிலாளர்களாக இருந்த நம் முன்னோர்களின் கைகள்தான் என்பதையும் மறப்பதற்கில்லை.

இவர்களுக்கு நடுவே தனித்து நிற்கிறார் எட்வர்ட் ஃபிரடெரிக் கெலார்ட். இலங்கையில் பிறந்த பறங்கியர், படை மருத்துவர். நுவரெலியாவில் பணியாற்றிய காலத்தில் அந்தக் குளிர்மலையின் விலங்குகளைப் பற்றி எழுதினார். 1853இல் அவர் விவரித்த மரத்தவளை ஒன்றின் உடலில் நட்சத்திரங்களைத் தூவியது போன்ற புள்ளிகள். அதன்பின் அந்தத் தவளையை யாரும் காணவில்லை. அவர் பிடித்த அந்த ஒரே மாதிரியும் காலப்போக்கில் தொலைந்துபோனது. எஞ்சியவை எழுத்தும் ஊர்ப்பெயரும் மட்டுமே. இலங்கைத் தவளைகளில் பத்துக்கும் மேற்பட்டவை அடியோடு அற்றுப்போய்விட்டன. அருங்காட்சியகக் குடுவைகளில் மட்டுமே அவற்றை இன்று பார்க்கலாம். நட்சத்திரத் தவளையும் அற்றுப்போனவற்றின் கணக்கில்தான் சேர்ந்திருந்தது. ஆனால் 2009இல் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காட்டில் இலங்கை ஆய்வாளர்கள் அதை உயிரோடு கண்டார்கள். 2013இல் அது முறைப்படி வெளியானது. ஏறத்தாழ 160 ஆண்டுகள் மறைந்திருந்த உயிர் அது என்று அடையாளம் சொல்ல உதவியது கெலார்ட்டின் பழைய வரிகள்.

எழுதி வைப்பதற்கும் இடத்தைச் சொல்வதற்கும் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் ஊர்ப்பெயரைச் சொல்லலாமா என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

இந்தோனேசியாவின் ரோட்டித் தீவில் வாழும் நீள்கழுத்து ஆமை ஒன்று 1994இல் அறிவியலுக்கு அறிமுகமானது. செல்லப்பிராணி வணிகத்துக்காக அதைப் பிடித்துப் பிடித்தே சில ஆண்டுகளில் அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள். சீனாவில் 1999இல் விவரிக்கப்பட்ட ஒரு பல்லியைத் தேடி, ஆய்வுக்கட்டுரை குறிப்பிட்ட அதே இடத்துக்குச் சேகரிப்போர் போனார்கள். அங்கே அது இல்லாமலே போய்விட்டது. இன்று பல ஆய்வாளர்கள் புதிய இனத்தை அறிவிக்கும்போது இடத்தை மங்கலாகவே சொல்கிறார்கள். கிரீனின் காலத்தில் பூச்சிக்கு உயிர் கொடுத்த ஊர்ப்பெயர், இன்று திருடனுக்கு வழிகாட்டியாகவும் ஆகிவிட்டது.

மலையகமும் இதற்கு வெளியே இல்லை. ஹக்கலையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று வாழ்கிறது. லண்டனில் ஜோன் எட்வர்ட் கிரே 1834இலேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பிடிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் இலங்கைச் சட்டம் தடுக்கிறது. அப்படியிருந்தும் இந்நாட்டின் அரிய ஓணான்கள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தன. நாட்டை விட்டு வெளியேறிய பிறகு அவற்றைத் தடுக்கப் பிற நாடுகளிடம் சட்டப் பிடி இருக்கவில்லை. 2019இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில் இலங்கை முன்மொழிந்து, கொம்பு ஓணானைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. நுவரெலியா வட்டாரத்தின் கறுப்பு உதட்டு ஓணான், வணிகத்தை முற்றாகத் தடுக்கும் முதற்பட்டியலுக்கே போனது. புலிச்சிலந்திகளும் அதே மாநாட்டில்தான் பட்டியலில் ஏறின.

அழகான ஒன்றைக் கண்டதும் கை நீள்வது மனித இயல்பு. தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டும் பிள்ளைக்கும் அது உண்டு. அந்த ஆசையைக் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. அறிவின் முதல் படியும் அதுதான். ஆசைக்கு விலை வைக்கப்படும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது. அரிதாக அரிதாக விலை ஏறும், விலை ஏற ஏற இன்னும் அரிதாகும். கடைசி உயிருக்குத்தான் உச்ச விலை. காட்டில் இறங்கிப் பிடித்துக் கொடுப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று தீர்மானிக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஓணானுக்குச் சில ஆயிரம் தருகிறேன் என்று யாராவது வந்து நின்றால், அந்தச் சோதனையின் பாரம் யார் தலையில் விழும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு மே மாதம் யால தேசியப் பூங்காவில் இத்தாலியைச் சேர்ந்த தந்தையும் மகனும் பிடிபட்டார்கள். அவர்களிடமிருந்த போத்தல்களில் நூற்றுக்கணக்கான பூச்சிகள், 92 இனங்கள். செப்டெம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய். தண்டனை பெரிது, வரவேற்க வேண்டியது. ஆனால் இந்தக் கதையில் நெஞ்சில் நிற்பவர் வேறொருவர். வீதியோரம் நின்ற காரைப் பற்றியும், வலையோடு காட்டுக்குள் போன இருவரைப் பற்றியும் வனக்காவலர்களுக்கு முதலில் தகவல் சொன்னது ஒரு சஃபாரி ஜீப் சாரதி.

ஆகவே ஊர்ப்பெயரை யாரிடம் சொல்வது என்று கேட்பதே சரி. தூரத்தில் இருந்து வாங்க நினைப்பவரிடம் மறைக்கலாம், மறைக்கவும் வேண்டும். அந்த ஊரிலேயே வாழ்பவரிடம் மறைப்பது பெருந்தவறு. இரு நூற்றாண்டாக இந்த மலையில் உழைத்தும் காணி உறுதி இல்லாமல் லயத்தில் வாழ்பவர்களுக்கு, தங்கள் எல்லையில் உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் ஒன்று இருக்கிறது என்பதைக்கூடச் சொல்லாமல் விட்டால், அதுவும் ஒரு பறிப்புத்தான். சிவனொளிபாதமலை அடிவாரத்து மஸ்கெலியாப் பாடசாலைகளில் நட்சத்திரத் தவளையின் படம் தொங்கட்டும். பாடத்தில் அதன் கதை வரட்டும்.

மாலையில் காட்டோரம் வலையோடு இறங்கும் அந்நியரை முதலில் காணப்போவது கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்களும் ஹட்டன் வீதியின் ஓட்டோச் சாரதிகளும்தான். அவர்கள் யாரிடம் சொல்வது, எந்த எண்ணுக்கு அழைப்பது, அழைத்தால் தமிழில் பதில் வருமா என்பதை வனசீவராசிகள் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் அடுத்த வலை வருவதற்கு முன்பே தீர்த்துவைக்க வேண்டும்.